இருபத்திரண்டாவது கைவீச்சு

ஜூன் 2. காலை 5.40. தூறல்.
தொட்டித் தண்ணீர் பச்சை. அடி தெரியவில்லை. சந்தவாசல் பக்கம் அண்ணன் நிலத்துப் பாசனத் தொட்டிதான் என் நீச்சல் குளம். கட்டும்போதே 25 மீட்டர் நீளம் கேட்டேன். என் வீட்டுக்காரர்தான் அளந்து கொடுத்தார். பட்டுப்புடவைக் கடைக்காரர், அளவில் சந்தேகம் வருமா?
50 மீ. எட்டு முறை. இடையே 20 வினாடி ஓய்வு. கழுத்தில் நாடி, 10 வினாடிக்கு 28. ஆறால் பெருக்கினால் 168. சரி. போனில் படித்த முறை. ஊரில் வேறு யாரும் இப்படிப் பழகியதில்லை.
மோட்டார் போட வந்த அண்ணி: "மீனுக்கு யாரும்மா நாடி புடிச்சிகினு இருந்தாங்க?"
வாங்க: நீச்சல் கண்ணாடி (பழையதில் கசிவு), து.பருப்பு.

ஜூன் 9. வெயில்.
சுவர் தெரியாததால் கைவீச்சை எண்ணித்தான் திரும்புகிறேன். இருபத்திரண்டு, குட்டிக்கரணம், உதை. தவறியதே இல்லை.
50 மீ. 39 வினாடி! ஏப்ரலில் 44. ஞாயிறு சென்னையில் நாற்பது தாண்டிய பெண்களுக்குப் போட்டி. 40 வினாடிக்குள் வந்தால் மாநில அணி. ரொம்ப ஆசையாக இருக்கிறது. வெளியே சொல்ல வெட்கம்.
அவர் ஸ்டாப்வாட்சுக்கு முத்தம் கொடுத்தார். "ஜல்தி துணி மாத்து, கட தொறக்கணும்."

போட்டி நாள். சென்னை. புழுக்கம்.
25 மீ. குளம், தெளிந்த தண்ணீர். இருந்தும் பழக்கதோஷம், எண்ணினேன். இருபத்திரண்டில் புரண்டேன். உதைக்கச் சுவர் இல்லை. நாலைந்து முழம் தள்ளி இருந்தது. மறுபடி நிமிர்ந்து, போய்த் தொட்டுத் திரும்பினேன். 51 வினாடி. யாரோ சிரித்தார்கள். குளியலறையில் அழுதேன்.

மறுநாள். காற்று.
டேப் போட்டு அளந்தேன். தொட்டி 22 மீ. 86 செ.மீ. அவர் 25 முறை வைத்து அளந்த கோல் ஒரு மீட்டர் இல்லை, 91 செ.மீ. சொச்சம். மாமனார் காலத்துக் கஜக்கோல். கடையில் மீட்டர் கோல், வீட்டில் இன்னும் இதுதான்.
"அவசரத்துல கைக்கு வந்தத எடுத்துகினு போய்ட்டேன்."
ஆத்திரம். பிறகு கணக்குப் போட்டேன். என் 39, உண்மையான 50 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 43. ஒழுங்காகத் திரும்பியிருந்தாலும் தோற்றிருப்பேன். ஆனால் ஏப்ரலின் 44-உம் இதே தொட்டியில்தான். ஐந்து வினாடி குறைந்தது நிஜம்.

புதன். 5.30. மேகமூட்டம்.
எனக்கு முன்பே எழுந்து நிற்கிறார்.
"செவுத்த இடிச்சி நீட்டிடட்டுமா?"
"அண்ணன் அடிப்பாரு. வாட்ச அமுக்குங்க."
இருபத்திரண்டு வந்ததும் கை தானாக நின்றது. சுவரைத் தடவிப் பார்த்துத்தான் திரும்பினேன். 46 வினாடி. நாடி எண்ண இருவருக்குமே நினைவில்லை.