பதினோரு காய்ச்சல்

திங்கள், 8

காலையிலேயே வெயில். கேஸ் புக் செய்தாயிற்று. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறியதும் உட்கார இடம், நம்பவே முடியவில்லை.

கல்லூரியில் கட்டட வேலை. முதலாண்டுக்கு இந்த செமஸ்டர் காலை வகுப்பெல்லாம் ஆன்லைன். அவர்களுக்காக 'உதவி மையம்'. அதாவது நான், ஒரு மேசை, ஒரு செல்போன்.

இன்று வந்தவை:
– "பாஸ்வேர்டு மறந்துட்டேன் மேம்." (நான்கு பேர்)
– "சாருக்கு மெயில் போட்டா கோச்சுக்குவாரா மேம்?"
– மைக்கை அணைக்காமல் தம்பியோடு சண்டை போட்ட பெண். வகுப்பே கேட்டதாம். ஒரே அழுகை. சமாதானப்படுத்த அரை மணி.

மதியம் கணக்கு எடுக்கும் கி. சார் வந்து சில தாள்களை மேசையில் போட்டார். முசிறிப் பெண் பவித்ரா மெயிலில் அனுப்பிய விடுப்புக் கடிதங்கள். மொத்தம் பதினொன்று. பதினொன்றிலும் காய்ச்சல்.

"ஒரு மாசத்துல பதினோரு காய்ச்சல் வருமா மேடம்? பொய்க்கும் ஒரு அளவு வேணாமா? வெள்ளிக்கிழமை அட்டெண்டன்ஸ் குறைஞ்சவங்க லிஸ்ட் அனுப்பறேன். அந்தப் பொண்ணு பரீட்சை எழுத முடியாது."

செவ்வாய், 9

காலையில் பவித்ராவுக்கு ஆறு முறை போன். ஆறு முறையும் 'வேறு அழைப்பில்'. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். வீட்டில் ஒரே போன். அப்பா வாழைத்தார் வாங்கி விற்பவர். காலையில் போன் அவரோடு மண்டிக்குப் போய்விடுகிறது.

"அப்புறம் ஏம்மா காய்ச்சல்னு எழுதுன?"

"லீவ் லெட்டர்னா அப்படித்தானே மேம் எழுதணும்? ஸ்கூல்ல அதான் சொல்லிக்கொடுத்தாங்க."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அக்கா கல்யாணத்துக்கு லீவ் போட்டபோது நானும் காய்ச்சல் என்றுதான் எழுதினேன். எல்லோருக்கும் ஒரே கடிதம், ஒரே நோய்.

வகுப்பு சாயங்காலம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். "காலையிலதான்னு தெரிஞ்சா, படிச்சது போதும்னு நிறுத்திடுவாரு மேம்."

புதன், 10

மூட்டம். தோசை மாவு புளித்துப்போயிற்று.

பவித்ரா பெயரில் ஒரு கடிதம் எழுதி அவளுக்கு அனுப்பினேன். நல்ல ஆங்கிலம், எனக்கே பெருமை. சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் அவள் அப்படியே சாருக்கு அனுப்பிவிட்டாள். பத்தே நிமிடத்தில் போனில் கி. சார்: "இது உங்க இங்கிலீஷ் மேடம். அந்தப் பொண்ணு என்ன சொல்றா?"

முதலில் அவர்மேல் கோபம். பிறகு என்மேல். உதவி என்ற பெயரில் அவளைப் பேசவிடாமல் செய்தது நான்தான்.

உடனே அவளுக்குப் போன். "தமிழ்லயே எழுதும்மா. உள்ளதை எழுது. அப்பாகிட்டயும் சொல்லிடு."

"பயமா இருக்கு மேம்."

எனக்கும்தான். படிப்பை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு?

வியாழன், 11

பல் வலி. தில்லை நகர் டாக்டரிடம் சனிக்கிழமைதான் நேரம் கிடைத்தது.

பவித்ரா எழுதியதை கி. சார் எனக்குக் காட்டினார். "ஐயா, எனக்குக் காய்ச்சல் இல்லை. ஒருநாளும் இல்லை. காலையில் போன் அப்பாவோடு மண்டிக்குப் போகிறது. கணக்கு எனக்குப் பிடிக்கும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குக் கிளாஸ்ல இருந்தா லிஸ்ட்ல பேர் சேக்கல. வரச் சொல்லுங்க."

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "சரிங்க மேம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அப்பாவிடம் பேசினாளா, கேட்கத் தைரியம் இல்லை.

வெள்ளி, 12

தூறல். குடை எடுக்க மறந்தேன். தலை ஈரத்தோடு மேசையில் உட்கார்ந்து, செல்போன் வழியே கி. சாரின் ஆன்லைன் வகுப்பில் நானும் ஒரு ஓரமாக நுழைந்தேன். வருகைப்பதிவு. பவித்ரா பெயர் வந்தது. பதில் இல்லை. சார் இரண்டாம் முறை கூப்பிட்டார். இல்லை. பேனாவை எடுத்தார்.

சட்டென்று திரையில் ஒரு கட்டம் திறந்தது. வாழைத்தார்க் குவியல். கவிழ்த்த கூடைமேல் அவள், மடியில் நோட்டு. வாய் அசைகிறது, மைக் அணைந்திருக்கிறது. தலையில் துண்டு கட்டிய ஒருவர் குனிந்து, எதை அழுத்துவது என்று அவளைக் கேட்டு அழுத்தினார். மண்டி இரைச்சல் முழுக்க வகுப்புக்குள்.

"இருக்கா சார். இங்கதான் உக்காந்திருக்கா. யாவாரிங்களைப் பத்து மணிக்கு மேல கூப்பிடச் சொல்லிட்டேன். நீங்க நடத்துங்க."