மேனேஜருக்கு உடம்பு சரியில்லை

ஜூன் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் சுகம். அந்தத் தீவுக் காற்றில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். வானிலை நிலையத்துத் தொலைபேசி வேலைக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டாய். வாரத்துக்கு இரண்டு முறை வரும் படகை நம்பித்தான் எழுதுகிறேன்.

நீ என்னிடம் விட்டுப்போன மீனுக்கு உடம்பு சரியில்லை. நேற்று வேலை முடிந்து வந்து பார்த்தால், மேனேஜர் தொட்டியின் அடியில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறார். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைக்கிறது என்றுதானே அந்தப் பெயரை வைத்தாய்? இப்போது முறைக்கக்கூட இல்லை. வாலை மடக்கிய குடை மாதிரி வைத்திருக்கிறார். அதில் சிவப்பு நூல் போலக் கோடுகள். முதுகில் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஏதோ வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. தீனி போட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை.

நான் எதையும் மாற்றவில்லை. வழக்கம்போலத்தான் பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சுங்க, விடுங்க" என்றார். எனக்கு விட மனசில்லை. மீனுக்கு வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நேற்று கண்டதை இன்றே எழுதிவிட்டேன் என்பதைக் கவனி.

உன் அப்பா

ஜூன் 7

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம்.

மேனேஜருக்கு இரண்டரை வயதுதான். தங்கமீன் பத்து வருடம் தாண்டியும் இருக்கும். வயசு என்ற பேச்சே வேண்டாம்.

நீங்கள் எழுதியது எனக்குப் போதவில்லை. செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது? கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? தண்ணீரை எப்போது மாற்றினீர்கள், எவ்வளவு மாற்றினீர்கள்? "வழக்கம்போல" என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. இங்கே நான் காற்றின் வேகத்தை "வழக்கம்போல" என்று பதிவேட்டில் எழுதினால் அன்றைக்கே வேலை போய்விடும். இரண்டு நாளைக்குத் தீனி வேண்டாம்.

உடனே எழுதியதைக் கவனித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், என் பரீட்சை நேரத்தில், போனில் பதினோரு முறை "அம்மா நல்லா இருக்கா, இப்பத்தான் தூங்கினா" என்றீர்கள். பன்னிரண்டாவது முறை உடனே கிளம்பி வரச் சொன்னீர்கள். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதனால் மேனேஜர் நல்லா இருக்கார் என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

மகள்

ஜூன் 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

செவுள்: காலையில் 118, மாலையில் 124. நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டு ஐந்து தடவை எண்ணினேன். பம்ப் ஹவுசில் மோட்டார் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். சத்தமே போடாத ஒரு உயிரை இப்படி உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. செவுள் திறக்கும்போது உள்ளே சிவப்பாகச் சீப்புப் பல் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறதே, உனக்குத் தெரியுமா?

தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து எங்கள் குடிநீர் நிலைய லேப் பெண்ணிடம் கொண்டுபோனேன். அவள் வீட்டிலும் மீன் வளர்க்கிறாளாம். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, சொட்டு மருந்து விட்டு ஆட்டியதும் தண்ணீர் பச்சையாகிவிட்டது.

"சார், அம்மோனியா ஏறிப்போச்சு. ஃபில்டரைக் கழுவுனீங்களா?"

"கழுவினேம்மா. வழவழன்னு இருந்துச்சு. குழாயில காட்டிப் பிழிஞ்சு வெயில்ல காயவச்சேன்."

"தண்ணி?"

"மொத்தமா மாத்திட்டேன். நேரா குழாய்த் தண்ணி. நம்ம தண்ணிதானே, பளிங்கு மாதிரி இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நம்ம தண்ணி மனுஷங்களுக்கு சார். குளோரின் அதுக்கு நெருப்பு மாதிரி. அந்த வழவழப்புலதான் அழுக்கைத் தின்னுற நல்ல கிருமியெல்லாம் குடியிருந்துச்சு. நீங்க சுத்தமா காலி பண்ணிட்டீங்க."

இருபத்தாறு வருடமாக ஊருக்கே தண்ணீர் ஏற்றி அனுப்புகிறவன் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எதையும் மாற்றவில்லை என்று உனக்கு எழுதியது பொய், பாப்பா. எழுதும்போதே தெரியும். நீ திட்டுவாய் என்று மறைத்தேன்.

இப்போது மேனேஜரைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைத்திருக்கிறேன். குளோரின் போக வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்துவைத்த தண்ணீர்தான் ஊற்றுகிறேன். அயோடின் சேர்க்காத கல் உப்பு, லிட்டருக்கு அரை ஸ்பூன், கரைத்த பிறகே சேர்க்கிறேன். காற்றுக் குழாய் ஓடுகிறது. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறேன். லேப் பெண் தன் வீட்டு ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு பஞ்சை வெட்டிக் கொடுத்தாள். அதிலுள்ள நல்ல கிருமி பெருகட்டும் என்று பெரிய தொட்டியில் போட்டிருக்கிறேன்.

உன் அப்பா

ஜூன் 14

அப்பாவுக்கு,

"நம்ம தண்ணிதானே" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த ரேடியோ ஆபரேட்டர் என்ன என்று கேட்டார். படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார்.

சிகிச்சை சரிதான். அந்த அடுக்குகளைப் பற்றி எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் பார்த்து எழுதிய மாதிரி நான் பார்த்ததில்லை.

ஃபில்டரைக் கழுவியதை ஒரு வாரத்தில் ஒத்துக்கொண்டீர்கள். அந்தத் தைரியத்தில் ஒன்று கேட்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தது மூன்று வாரம். எனக்குச் சொல்ல வேண்டாம் என்றது யார், அம்மாவா, நீங்களா? அம்மா என்னைக் கேட்டாரா? இரண்டு வருடமாக இதை நானாக யோசித்து யோசித்து விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். எது நிஜம் என்று தெரியவேண்டும்.

மகள்

ஜூன் 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

மேனேஜருக்குச் செவுள் 90. முதுகுப் பஞ்சு உதிர்ந்துவிட்டது. வால் பாதி விரிந்திருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். சொல்ல வேண்டாம் என்றது நான். உன் அம்மா உன்னைக் கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். "பாப்பாகிட்ட சொன்னீங்களா?" என்றாள். "சொல்லிட்டேன், பரீட்சை முடிஞ்சதும் வருது" என்றேன். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. மூன்றாவது தடவை, "பாப்பாகூட ஒரு நிமிஷம் பேசணும்" என்றாள். "டாக்டர் பேசக் கூடாதுன்னாரு" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

உன் படிப்பு கெடக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் ஊருக்குச் சொல்லிவந்தேன். அது பாதிதான் நிஜம். நீ கிளம்பி வந்து வாசலில் நின்றால், அவள் பிழைக்கமாட்டாள் என்பதை நானும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.



உன் அப்பா

ஜூன் 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

மூன்று படகு வந்து போய்விட்டது. உன் கடிதம் இல்லை. நான் காரணம் கேட்கமாட்டேன்.

லேப் பெண் மறுபடியும் சோதித்தாள். பெரிய தொட்டியில் இப்போது அம்மோனியா இல்லை. மேனேஜரை அங்கே மாற்றிவிட்டேன். வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி ஒன்றைப் போட்டேன். துப்பினார், சுற்றி வந்தார், பிறகு தின்றார். செவுள் 72.

நீ எழுதாவிட்டாலும் ஒவ்வொரு படகுக்கும் எழுதுவேன்.

உன் அப்பா

ஜூலை 1

அப்பா,

நான்கு கடிதம் எழுதினேன். நான்கையும் கிழித்தேன். முதல் கடிதத்தை நீங்கள் படித்திருந்தால் தாங்கியிருக்கமாட்டீர்கள். நான்காவதில் திட்டு பாதிப் பக்கம்தான் வந்தது. மீதிப் பாதி முழுக்கக் கேள்விகள். அம்மா முதல் தடவை கேட்டது காலையிலா, மாலையிலா? அம்மாவின் கட்டிலிலிருந்து ஜன்னல் தெரிந்ததா? வேறு என்னவெல்லாம் பேசினார்? ஏதாவது சாப்பிட்டாரா? என்னைப் பற்றி அல்லாமல், சும்மா, வேறு எதையாவது பார்த்துச் சிரித்தாரா? அந்த மூன்று வாரம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு அது வேண்டும், ஒரு நாள்கூட விடாமல்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

பத்து நாள் விடுப்புக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். போன வாரமெல்லாம் தபால் பையை வாங்கும்போது படகுக்காரர், "வீட்டுக்கு ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன். இன்றும் கேட்பார். இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவை கடிதம் இல்லைங்க, நானே வரேன். ஒரு இடம் வைங்க" என்று சொல்லப்போகிறேன்.

பாப்பா