நீ வெட்டின வரி

நாரணாபுரம்

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா சங்கிலிமுத்து சொல்லச் சொல்ல, ரேஷன் கடையில் பில் போடுகிற நம்ம தங்கத்தாய் எழுதுவது. இங்கே நான் கஞ்சி குடிச்சு நடமாடிக்கிட்டு இருக்கேன், முழங்கால்தான் சொன்ன பேச்சு கேக்கல. சென்னையில் நீயும் மருமகனும் பேரப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம இருக்க மாரியாத்தா துணை இருக்கட்டும். பட்டாசு சீசன் ஆர்டர் வந்துட்டதால வேன்காரன் விடியுமுன்னே வந்து ஆரன் அடிச்சு ஆள் ஏத்துறான். போன் போட்டா மீட்டிங்ல இருக்கேன்ப்பான்னு வச்சிடுறே, கடுதாசியை அப்படி வைக்க முடியாதுல்ல, அதுக்குத்தான் இது.

போன வாரம் உன் தம்பி முனியராஜுக்கு ஜெயில்ல பாடம் சொல்லிக் குடுக்கிற லட்சுமிகாந்தம் வாத்தியார் வீடு தேடி வந்தார். ஜெயில் வாத்திமாருகளை உக்கார வச்சு, அவுக அங்கன பாத்தது பட்டதை எழுதவச்சு, திருத்திப் புத்தகமாப் போடுறது ஒரு மேடத்தோட வேலைன்னு விவரமாச் சொன்னார். நல்ல வேலைதான், இல்லேங்கல. தான் எழுதினதுல முனியராஜைப் பத்தி வருது, பேரை மாத்தியிருக்கோம், நீங்க கேட்டுச் சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு வாசிச்சுக் காட்டினார். அவன் உள்ளே இருந்தே பத்தாவது பாஸ் பண்ணினதைக் கேட்டு நெஞ்சு குளுந்துதான் போச்சு. அடுத்த வரி, குடும்பம் அவனைக் கைவிட்டது, பெற்ற தகப்பன்கூட எட்டிப் பார்க்கவில்லைன்னு வந்துச்சு. ஐயா, என் மகன் இப்படியா சொன்னான்னு கேட்டேன். மனுசன் மென்னு முழுங்கி, இல்லைங்கய்யா, வருசம் திரும்பினதும் அப்பா வருவாரு, அதுவரைக்கும் வரக்கூடாதுன்னுதான் அவன் சொன்னான், நான் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன், மேடந்தான் இது படிக்கிறவங்களுக்குப் புரியாது, இழுக்குது, இப்படி வச்சா மனசைத் தொடும்னு மாத்தினாங்கன்னார். எந்த மேடம்னேன். உன் பேரைச் சொன்னார் தாயி. நீ என் மகள்ங்கிறதே அவருக்குத் தெரியல. முனியராஜ் உன் தம்பின்னு ஒரு வார்த்தை அவர்ட்ட மூச்சு விடலையே நீ.

யாருக்குப் புரியாது? உனக்குமா புரியல? பட்டாசு ஆலையில மருந்து கலக்குற ரூம் வெடிச்சு நம்ம பாலம்மாள் மக மாரிசெல்வி போனா, உன்கூட ஒரே தட்டுல தின்ன பிள்ளை. குத்தகைக்கு எடுத்து நடத்தினவன் ஓடி ஒளிஞ்சு முன்ஜாமீன் வாங்கிட்டான், போர்மேன்னு உன் தம்பியைப் பிடிச்சுட்டுப் போனாக. அவன்மேல குத்தம் இருக்கா இல்லையான்னு கோர்ட்டு சொல்லட்டும். நம்ம தெருவுல ஒரு வழக்கம் உண்டு, வெடிச்சு ஆள் போன வீட்டுல வருசத் திதி குடுக்கிற வரைக்கும், உள்ளே போனவனுக்குத் துணிமணி பலகாரம்னு பையைத் தூக்கிக்கிட்டு அந்த வாசலைத் தாண்டி யாரும் பஸ் ஏறக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்தவ பாக்க, உசுரோட இருக்கிற பிள்ளைக்கு நான் முறுக்கு கொண்டு போறதா? தெருவுல ஜாமீனுக்கு ஆளும் கேக்கல நான். நெஞ்சுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே கெடந்தேன். திதி முடிஞ்ச மறுநாள் பாலம்மாளே வாசல்ல நின்னு, அண்ணே, இன்னும் என்ன உக்காந்திருக்கீக, போயி மனுப் போட்டுப் புள்ளையைப் பாத்துட்டு வாங்கன்னா. மதுரைக்குப் போனேன். கம்பிக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு அவன் ஏம்ப்பா வரலைன்னு கேக்கலத்தா, பாலம்மா அத்தை இப்ப சாப்பிடுறாகளான்னுதான் கேட்டான். பத்தாவது பாஸ் பண்ணினவனுக்குப் புரிஞ்சது பெரிய படிப்புப் படிச்ச உனக்குப் புரியல.

நான் போகாததுக்கு ஒரு காரணம் இருக்கு. நீ ஏன் போகல? ஊர் ஊரா ஜெயிலுக்குள்ள போய் வாத்திமாருகளுக்கு வகுப்பு எடுக்கிறே, தம்பி இருக்கிற ஜெயில் மட்டும் உனக்கு வழி தெரியாமப் போச்சு. பெத்த தகப்பன்கூடன்னு எழுதத் தெரிஞ்ச கைக்கு கூடப் பிறந்தவகூடன்னு எழுத வரலையோ. இதைச் சொல்லும்போது தங்கத்தாய் பேனாவை வச்சிட்டு, ஏன் மாமா இம்புட்டுக் காரம், கொஞ்சம் கொறச்சு எழுதவாங்கிறா. ஏற்கெனவே ஒருத்தி கொறச்சதுதாம்மா இந்தக் கூத்து, நான் சொன்னதை அப்படியே எழுதுன்னு சொல்லியிருக்கேன்.

வாத்தியார்ட்ட சரின்னு சொல்லல, என் மக வந்து கேக்கட்டும்னு அனுப்பிட்டேன். புத்தகம் சிவகாசியிலதான் அச்சாகுதாம். பாலம்மாள் இப்ப வெடி வேலைக்குப் போறதில்ல, பைண்டிங் கம்பெனியில தாள் மடிக்கிறா, மடிக்கிற தாள்ல ரெண்டு வரியாவது வாசிக்காம விடமாட்டா. இந்தத் தாள் அவ கைக்கு வராதுன்னு என்ன நிச்சயம்? பேரை மாத்தினா வெடிச்ச கதையும் மாறிடுமா? தன் வீட்டுச் சாவுக்காக ஒரு தகப்பன் பெத்த மகனைக் கைவிட்டுட்டான்னு அந்தப் பழியையும் அவ சுமக்கணுமா? அந்த வருசத்துக்குள்ள நான் போய்ப் பாத்தேன்னு பொய் எழுதச் சொல்லல. வாத்தியார் எழுதினதை அப்படியே திரும்ப வை. இழுத்தா இழுக்கட்டும், அந்த வருசம் எங்களுக்கும் இழுத்துக்கிட்டுத்தான் கெடந்துச்சு.

வெயில்ல அலையாதே, வேளைக்குச் சாப்பிடு, பேரனைத் திட்டாதே. தாயில்லாமல் வளர்ந்த பிள்ளைக நீங்க ரெண்டு பேரும், தீர்க்காயுசா இருங்க. மறந்துடாதே, அந்த வரி அப்படியே அச்சாகி வந்தா பாலம்மாளை உக்கார வச்சு நானே சொல்லுவேன், இதை எழுதினது வாத்தியாரு இல்ல, எம் மகதான்னு.

இப்படிக்கு
உன் அப்பா சங்கிலிமுத்து
(இடது கைப் பெருவிரல் ரேகை)