சாடிக்குள் கேட்ட ‘ம்’

ஆசை அண்ணன் சூசைக்கு,

சாந்தோமில் இப்போது பிற்பகல். கடற்காற்று கதவைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. உள்ளறையில் அம்மா யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள். யாருடன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெரிய யுத்தத்தின்போது நீ பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கும் கூலியாட்களோடு பிரான்சுக்குக் கப்பலேறினாய். காய்ச்சலில் இறந்துவிட்டாய் என்று சர்க்காரிலிருந்து சேதி வந்தது. அம்மா நம்பவில்லை. உனக்காக ஒரு பூசை வைக்கக்கூட விடவில்லை. “உசுரோட கீறவனுக்கு இன்னாடி துக்கப் பூசை?” என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

அடையாற்றில் ஒரு பிரெஞ்சு துரைசானி வீட்டில் நான் ஆயாவாக இருக்கிறேன். போன வருடம் அவர் தம் ஊருக்குப் போனபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னையும் அழைத்துப் போனார். அவருக்கு மண்பாண்டம் என்றால் உயிர். மோட்டாரில் கிராமம் கிராமமாகப் போவோம். எங்கே குயவர் பட்டறை கண்ணில் பட்டாலும் இறங்கிவிடுவார். நம் ஊர்ப் பானை மாதிரி இல்லை அண்ணா. அடி தட்டையாக, பச்சையும் தேன் நிறமுமாகப் பளபளக்கும். துரைசானி ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று சத்தம் வந்தால்தான் வாங்குவார்.

வடக்கே ஒரு ஊரில், புருஷனை இழந்த ஓர் அம்மாள் தனியாகப் பட்டறை நடத்தி வந்தார். என்னைப் பார்த்ததும் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே துரைசானியிடம் ஏதோ சொன்னார்.

“யுத்தத்துல உங்க ஊர் ஆளுங்க இங்க கூடாரம் போட்டாங்களாம், ஆயா.” நம் ஊர் வேலைக்காரர்களிடம் கற்ற தமிழில் துரைசானி எனக்குச் சொன்னார். “காய்ச்சல்ல செத்தவங்கள இவங்க களிமண் குழிக்குப் பக்கத்துல பொதைச்சாங்க. அப்புறம் ஆபீசருங்க வந்து, தோண்டி வேற எடத்துக்கு எடுத்துக்கினு போனாங்க. ஒருத்தர் மட்டும் கெடைக்கல.”

மழையில் களிமண் குழியின் கரை சரிந்து, புதைத்த இடத்து மண்ணும் உள்ளே விழுந்திருக்கிறது. அந்த அம்மாள் அறியாமல் அந்த மண்ணை எடுத்துப் பிசைந்திருக்கிறார். வனைந்து முடிக்கும் நேரத்தில், மிச்ச மண்ணில் ஒரு பித்தளைப் பொத்தான் கையில் தட்டுப்பட்டதாம். சூளையில் வைத்ததெல்லாம் வெடித்துச் சிதறி, ஒரு சாடி மட்டும் தப்பியது. அதை விற்கவும் மனசு வரவில்லை, உடைக்கவும் மனசு வரவில்லை.

செத்தவன் பேர் தெரியுமா என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மாள் தலையை ஆட்டி, தெரியாது என்றார். அலமாரியிலிருந்து சாடியை இறக்கி என் முன் வைத்தார்.

துரைசானி பழக்கத்தில் அதைத் தட்டினார். கணீரென்று வரவில்லை. சின்ன வயதில் நான் ஓயாமல் கதை பேசுவேனே, நீ பாதித் தூக்கத்தில் ‘ம்’ கொட்டுவாயே, அந்தக் குரல். என் வாய் தானாக “அண்ணா?” என்றது.

யாரும் தட்டவில்லை. “ம்” என்றது சாடி.

“காத்து, ஆயா,” என்றார் துரைசானி. குளிருக்குப் பயந்து கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, சாடியைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

கப்பலில் அதைப் புடவையில் சுற்றியே வைத்திருந்தேன். ஒரு தரம்கூடப் பிரிக்கவில்லை.

சாமியாரைக் கூப்பிட்டு நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட வேண்டும் என்றுதான் கொண்டுவந்தேன். அம்மாவிடம் துரைசானி கொடுத்த சாடி என்று மட்டும் சொன்னேன். அவள் அதை வாங்கி, கழுத்திலிருந்து அடிவரை தடவிப் பார்த்தாள்.

“இளைச்சுப் பூட்டான்,” என்றாள்.

அதன் பிறகு மறைக்க முடியவில்லை. “அது அண்ணன் மண்ணும்மா. பொதைச்சிடலாம்,” என்றேன். குழியைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“பேசிக்கினு கீற புள்ளையப் பொதைக்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?” என்றாள். பிறகு என்னை மறந்துவிட்டுச் சாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மழையில கரை சரிஞ்சப்போ ரொம்ப பயந்துட்டானாம், பாவம்.”

அவளுக்கு யார் சொன்னது, அண்ணா?

அன்றிலிருந்து நான் உள்ளறைக்குள் போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் அம்மாவின் பேச்சு கேட்கிறது. அவள் நிறுத்துகிறாள், காத்திருக்கிறாள், சிரிக்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. வாய்விட்டுக் கூப்பிட்டால் நீ எனக்கும் பதில் சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. கிடைக்காமல் போன அந்த ஒருவன் நீதானா? இல்லை, வேறு எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, நம் அம்மாவின் குரலுக்கு ‘ம்’ கொட்டிக்கொண்டிருக்கிறானா?

யாராயிருந்தாலும் இந்த வீட்டிலிருந்து போகச் சொல்லமாட்டேன். அம்மா கண்ணை மூடும் நாளில் அவளோடு ஒரே குழியில் உன்னையும் வைத்து, இருவருக்கும் சேர்த்துப் பூசை வைப்பேன். இது சத்தியம். அதுவரை அவளைப் பேசவிடு. நாளை வேலைக்குப் போகும் முன் நானும் உள்ளே வந்து, அவள் பக்கத்தில் உட்காருவேன்.

உன் கூடப்பிறந்தவள் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்,
லூர்து மேரி