இங்கன இல்லை

குற்றாலநாதர் துணை

தென்காசி,
5-8-1962

அன்புள்ள முப்பிடாதிக்கு,

பலவேசம் எழுதிக்கொள்வது. நானும் செண்பகமும் அக்காவும் சுகம். ஆஸ்பத்திரிச் சோறு இப்போதாவது உனக்குத் தொண்டையில் இறங்குகிறதா?

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஊசி போட்டால் காது இரைகிறது, தலை சுற்றுகிறது, இனி வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். அடுத்த வரியிலேயே, பிள்ளையை நல்ல பாலவாடியாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள், எனக்கு அது போதும் என்கிறாய். என்ன போதும்? நீ இல்லாமல் வளர்க்க நான் ஏற்பாடு செய்ய வேண்டுமா? படித்த கோபத்தில் ஒரு சட்டைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

சரி, கேட்டாய், சொல்கிறேன். நீ எழுதுவதற்கு முன்பே, ஆனி மாதமே தேடத் தொடங்கிவிட்டேன். இங்கே சர்க்கார் பாலவாடி மூன்று. ஊருக்குள் இருப்பது நம் தையல் கடைக்குப் பக்கம். அதைத் தவிர வேறு சிறப்பு இல்லை. ஒரே அறை, ஒரே சன்னல், சந்தைக் கூட்டம் போலப் பிள்ளைகள். பால்மாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள், தம்ளரின் அடி தெரிகிறது. அதற்கும் தலையாட்டினேன். தாயார் எங்கே என்று கேட்டார்கள். ஒளிக்காமல் உனக்குக் காசநோய் என்று சொன்னேன். அங்கிருந்த அம்மாள், செண்பகம் கையில் வைத்திருந்த மரப்பொம்மையைப் பிடுங்கி ஆயாவிடம் நீட்டி, "இதை வெந்நியில போடு" என்றாள். எனக்கு, இடமில்லை என்று பதில்.

அழகென்றால் குற்றாலத்துப் பாலவாடிதான். ஓட்டுக் கட்டடம், ஆடுகுதிரை, சுவரெல்லாம் கிளியும் மயிலும். ஆனால் ஆனியில் சாரல் விழுந்தால் சீசனுக்கு வரும் பெரிய மனிதர்கள் அங்கே தங்குகிறார்களாம். பிள்ளைகளுக்குப் புரட்டாசி வரை லீவு. குரங்குகளை மட்டும் யாரும் லீவில் அனுப்பவில்லை.

மூன்றாவது, மேலகரம் போகிற சாலையில் இருக்கிறது. வெளியே நின்று பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளின் சட்டையிலும் பட்டன் இருந்தது. அறுந்து வந்தால் ரத்தினம் டீச்சரே உட்கார வைத்துத் தைத்து அனுப்புவாளாம். இதுதான் இடம் என்று முடிவு செய்தேன். முதலில் பட்ட சூட்டினால் நான் உள்ளே போகவில்லை, அக்காவை அனுப்பினேன்.

டீச்சர், பிள்ளையின் அம்மா வரவில்லையா என்று கேட்டிருக்கிறாள். அந்த நோயின் பெயரை வாயால் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்று அக்காவுக்குப் பயம். "அம்மை இல்லை" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். "இங்கன இல்லை" என்று சொல்லத்தான் நினைத்தாளாம், அந்த இங்கன வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. டீச்சர் கண் கலங்கிச் செண்பகத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். தாயில்லாப் பிள்ளை என்று அன்றே இடம் கிடைத்துவிட்டது.

எனக்கு மறுநாளே விஷயம் தெரியும். திருத்தப் போனால் இடம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பிள்ளை வயிறு நிறையப் பால் குடித்தாள், கன்னத்தில் சதை பிடித்தது, வீட்டுக்கு வந்து கையை ஆட்டிப் பாட்டுப் பாடினாள். நீ வந்ததும் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆடி அமாவாசை. பாலவாடி ஆயா, செத்துப்போன தன் புருஷனை நினைத்து அருவியில் முழுகப் போனவள், செண்பகத்தையும் கூட்டிப் போனாள். குளிக்கத்தானே என்று அக்கா விட்டுவிட்டாள். பிள்ளை தலை ஈரத்தோடு கடைக்கு ஓடி வந்து, "அப்பா, அம்மைக்கு எள்ளுந் தண்ணியும் இறைச்சேன், குடிச்சிருப்பாளா?" என்று கேட்டாள்.

சீக்காளிக்கு எழுதுகிற சேதியா இது என்று அக்கா என் கையைப் பிடித்தாள். முப்பிடாதி, உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வேன்? உயிரோடு இருக்கிற உனக்கு உன் பிள்ளை எள்ளுத் தண்ணீர் இறைத்துவிட்டாள். அக்காவிடம் கத்தினேன். "ஏலே, நான் என்ன பொய்யா சொன்னேன், அவ இங்கன இல்லைதான?" என்று அவளும் அழுதாள்.

மறுநாளே டீச்சரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. பிறகு, "மத்த பிள்ளைகளைப் பெத்தவுகளுக்கு நான் பதில் சொல்லணுமே அண்ணாச்சி. அவுக குணமாகி, கிருமி இல்லைன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், நானே வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். நியாயந்தான், ஆனாலும் வலித்தது. செண்பகம் இப்போது என் மிஷினுக்கு அடியில் வெட்டுத்துணிகளோடு உட்கார்ந்திருக்கிறாள். பாட்டு நின்றுவிட்டது.

அம்மை இருக்கிறாள், வருவாள் என்று தினமும் சொல்கிறேன். "அம்மை சாமிகிட்ட போயிட்டான்னு டீச்சர் சொன்னாக, டீச்சர் பொய் சொல்ல மாட்டாக" என்கிறாள். உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டாள். நாலு வயதுப் பிள்ளைக்கு எழுத்தா தெரியும்?

ஆகையால் எழுதி அனுப்பிப் பிரயோசனமில்லை. நீதான் வர வேண்டும். காது இரைந்தால் இரையட்டும், செவிடே ஆனாலும் நான் கத்திப் பேசிக்கொள்கிறேன். டாக்டரிடம் நாளைக்கே போய்ச் சொல், ஊசியைப் போட்டுக்கொள். சோறு கசந்தாலும் சாப்பிடு. அக்காவைத் திட்ட வேண்டுமானால் வந்து திட்டு. என்னை நாலு அறை அறைய வேண்டுமானால் வந்து அறை.

உனக்குத் தீர்க்காயுசு கேட்டுத் தினமும் அம்மன் சன்னதியில் நிற்கிறேன். நீயும் கொஞ்சம் மனது வை. வாசலில் வந்து நின்று, எப்போதும் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி "ஏட்டி" என்று ஒரு குரல் கொடு. நான் சொன்னால் அவள் நம்பமாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
பலவேசம்