ஏசி நின்ற அறை

செப்டம்பர் 9, செவ்வாய்.

இன்றைய தவளைக் கருக்கள் வீண். செல்களுக்கு முன்பக்கம் எது என்று காட்டும் புரதத்தைப் பாதிக் கருக்களில் முடக்கியிருந்தேன். நான்கு மணிக்குச் செல்கள் உள்நோக்கி நகரும்போது படம் பிடிக்க வேண்டும். பக்கத்து இருட்டறையில் மைக்ராஸ்கோப்போடு இருந்தேன். கருக்கள் இருந்த அறையில் விளக்கெரியவில்லை என்று வாட்ச்மேன் அண்ணாச்சி ஏசியை அணைத்துவிட்டார். தூத்துக்குடி வெக்கையில் வளர்ச்சி வேகமெடுத்து, நான் படம் பிடிக்கும் முன்பே செல்கள் உள்ளே போய்விட்டன. புரதம் முடங்கியவை மட்டும் திசை தெரியாமல் வெளியிலேயே நின்றன.

கத்த வேண்டும் போலிருந்தது.

"உள்ள ஆருமில்லன்னுல்லா நெனச்சேன்," என்று பதறினார் அண்ணாச்சி. "புதுசா வந்திருக்கியளாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷமாக அவர் நீட்டும் நோட்டில்தான் தினமும் கையெழுத்துப் போடுகிறேன்.