தெல்மா திருத்திய பச்சைக்கோட்டுத் தாள்

1994 மார்ச் 8, செவ்வாய்

வால்தம் ஊரில் இன்னும் பனி கரையவில்லை. ஆபீஸ் கூட்டத்தில் முடிவாகிவிட்டது: இனி எங்கள் மென்பொருளுக்கான கையேடு அச்சாகாது, குறுந்தகட்டில்தான் போகும். புரோகிராமர் கர்ட்டிஸ் கைதட்டினான். அச்சடித்த எதுவானாலும் அவன் கூட்டத்துக்கு அது ‘செத்த மரம்’. “ரூத், இனிமே செத்த மரத்தை ஊர் ஊரா அனுப்ப வேணாம். காடு பிழைச்சுது, போங்க!” என்றான் என்னிடம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் செத்த மரத்தை எழுதித்தான் நானும் என்கூட வேலை பார்க்கும் தெல்மாவும் இத்தனை காலம் சாப்பிட்டோம்.

மார்ச் 11, வெள்ளி

ஆஸ்பத்திரியில் தெல்மா. கணையத்தில் புற்று. வீடு திரும்பமாட்டாள் என்று அவளுக்கே தெரியும். அச்சு நின்றதைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

“அப்போ பிழை பாக்கத் தாள் வராதா?” என்று மட்டும் கேட்டாள்.

ஒவ்வொரு முறையும் முழுக் கையேட்டையும் தாளில் எடுத்து, பென்சிலோடு கடைசியாகப் படிப்பது அவள்தான். நாங்கள் அத்தனை பேரும் திரையில் தவறவிட்டது அவள் கண்ணில் விழும். அந்த வேலையும் சேர்ந்து போயிற்று.

“இந்தக் கையேடு ஒண்ண மட்டும் முடிச்சுட்டுப் போறேன்டி. பாதியில விட மனசு வரல.”



மார்ச் 14, திங்கள்

கர்ட்டிஸிடம் தெல்மாவின் ஆசையைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. இருவருக்கும் ஓயாத சண்டை. அவன் எழுதும் ஒவ்வொரு வரியிலும் எழுத்துப்பிழை பிடித்து அவனை ஓட ஓட விரட்டியவள் அவள். சாயங்காலமே தன் மடிக்கணினியில் கையேட்டை ஏற்றி அவளிடம் கொண்டுபோனான்.

மார்ச் 15, செவ்வாய்

மடிக்கணினி திரும்பி வந்துவிட்டது. மருந்து மயக்கத்தில் திரையில் எழுத்து நீந்துகிறதாம். “இதுல பென்சிலை எங்கடா வைக்கிறது?” என்று கேட்டாளாம்.

மார்ச் 17, வியாழன்

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. எங்கள் மாடி அச்சுப்பொறி பழுது. கர்ட்டிஸுக்குப் பொறுக்கவில்லை. கணினி அறையில் கிடக்கும் பழைய பெரிய அச்சுப்பொறியில் முழுக் கையேட்டையும் அடித்துவிட்டான்: ஓரமெல்லாம் துளை, குறுக்கே பச்சைக் கோடு, எங்கும் கிழிக்காத ஒரே நீளத் தாள்! கட்டிலில் வைத்ததும் சரிந்து, மடிப்பு பிரிந்து, கதவு வரை ஓடியது.

தெல்மா சிரித்துச் சிரித்து இருமினாள். “செத்த மரம், செத்த மரம்னு சொல்லிட்டு முழு மரத்தையே தூக்கிட்டு வந்துட்டியாடா படுபாவி?”

“இது கிளைதான். வேரு கார்ல இருக்கு.”

“கிழிக்காத. அப்படியே மடிச்சு வை. படிச்சது இந்தப் பக்கம், படிக்காதது அந்தப் பக்கம்.”

மார்ச் 21, திங்கள்

ஐந்தாம் அத்தியாயம் முடித்துவிட்டாள். நான் எழுதிய ஒரு பக்கத்தில் பெரிதாக வட்டம். தகவலை எல்லாம் அழிக்கும் கட்டளைக்குக் கீழே ‘எச்சரிக்கை’ என்று போட்டிருக்கிறேன். “அழிச்சப்புறம் எச்சரிச்சு என்னடி பண்ண?” என்றாள். வெட்கமாக இருந்தது. நல்லவேளை, பார்த்தாளே.

மார்ச் 24, வியாழன்

இன்று ஒரு பக்கம் மட்டும்.

மார்ச் 26, சனி

பேச்சு இல்லை. பென்சிலை அவள் விரலிடுக்கில் வைத்தேன். விழுந்தது. திரும்ப வைத்தேன் — ஏன் வைத்தேன்? அவளுக்காகவா, எனக்காகவா?

மார்ச் 28, திங்கள்

தெல்மா போயிட்டா.

ஏப்ரல் 4, திங்கள்

வெளியீட்டு நாளைத் தள்ளிவைக்க முடியாதாம். அவள் திருத்தங்களைக் கணினியில் ஏற்றுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிரித்துக் கொடுப்பது கர்ட்டிஸ். காலையிலிருந்து ஒரு கிண்டல்கூட இல்லை. எச்சரிக்கையை மேலே ஏற்றினேன். ஒன்பதாம் அத்தியாயத்தில், ஒரு வரியின் நடுவே, பென்சில் நின்றுவிட்டது.

“அதுக்கப்புறம்?” என்றேன்.

கர்ட்டிஸ் மடிப்பு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே போனான். தாள் மேஜையிலிருந்து இறங்கித் தரையெல்லாம் பரவியது. கடைசிப் பக்கம் வரை ஒரு குறிகூட இல்லை. தப்பே இல்லாதது மாதிரி அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.